அப்பாவின் இதயம் 64 மில்லிமீட்டரிலிருந்து 56 ஆகியிருக்கிறது, மாத்திரையை நிறுத்தலாமா?

பொருநைக்கரை

வணக்கம் நண்பர்களே. அப்பாவுக்கு 61 வயது. போன வருடம் மாரடைப்பு வந்தது. வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இரவெல்லாம் படுத்திருந்தார். மறுநாள் காலையில்தான் மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என் குழப்பமெல்லாம் எக்கோ ரிப்போர்ட்டுகளில்தான். டிஸ்சார்ஜ் ஆகும்போது இடது கீழறையின் விட்டம் 57 மில்லிமீட்டர். சில மாதம் கழித்து, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனபோது 64, பம்பிங் 30 சதவீதம். மாத்திரைகளை மாற்றி, கூட்டினார்கள், ஸ்பைரோனோலாக்டோனும் அதில் ஒன்று. இப்போது 56, பம்பிங் 46.

அடைப்பை எடுத்த பிறகும் இதயம் ஏன் பெரிதாகிக்கொண்டே போனது? அப்படிப் பெரிதானது எப்படி மறுபடி சிறிதாகும்? இதைவிடப் பெரிய பிரச்சினை, அப்பா "அதான் சரியாயிடுச்சே, இத்தனை மாத்திரை எதுக்கு" என்கிறார். சர்க்கரையே இல்லாதவருக்கு டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை எழுதியிருக்கிறார்கள் என்பது அவருடைய தனிப் புகார். கேட்டால் டாக்டர் "சாப்பிடுங்க" என்பதோடு முடித்துவிடுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எக்கோஅறை

தம்பி, பல வருடமாக எக்கோ எடுக்கும் டெக்னீசியன் நான். முதலில் எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இடது கீழறை ரத்தம் நிரம்பி விரிந்திருக்கும்போது ஆண்களுக்கு 58 மில்லிமீட்டர் வரை, பெண்களுக்கு 52 வரை இயல்பு. ஆகவே 64 பெரியது, 56 இயல்புக்குள். ஒரு எச்சரிக்கை: 46 என்ற பம்பிங் எண்ணைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே நோயாளியை நான் பார்த்து 46 என்பேன், பக்கத்து அறையில் இருப்பவர் 50 என்பார், இரண்டுமே தப்பில்லை. ஆனால் 30-லிருந்து 46-க்கு வந்ததும், கூடவே அறையின் அளவு 8 மில்லிமீட்டர் குறைந்ததும் அளவுப் பிசகு அல்ல. நிஜமான மாற்றம்.

பம்பிங் சதவீதம் என்றால் என்ன என்று பலருக்கும் தெளிவில்லை. அறையில் 120 மில்லி ரத்தம் இருந்து, ஒரு துடிப்பில் 70 மில்லி வெளியே போனால் 58 சதவீதம். பலவீனமான இதயம் 240 மில்லிக்கு விரிந்துவிட்டது, அப்போதும் ஒரு துடிப்புக்கு அதே 70 மில்லிதான் வெளியே போகிறது என்று வையுங்கள். சதவீதம் 29. உடம்புக்குப் போகும் ரத்தம் மாறவே இல்லை! அதனால்தான் பம்பிங் 30 என்றிருந்தும் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். விரிவதன் மூலம் இதயம் சமாளிக்கிறது. அந்தச் சமாளிப்புக்கு என்ன விலை என்பதை டாக்டர்கள் சொல்லட்டும்.

கேள்விக்குறி

அப்படியானால் விரிவது நல்லதுதானே? உடம்பு தானாகச் சமாளிக்கிறது, நாம் ஏன் மாத்திரை போட்டு அதைச் சுருக்க வேண்டும்? ஓட்டப்பந்தய வீரர்களுக்கும் பெரிய இதயம்தான் என்று படித்திருக்கிறேன். அவர்களை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. மாத்திரை விற்பவர்களுக்குத்தான் எல்லாமே நோய்.

இரவுப்பணி

இதயநோய்ப் பிரிவில் பயிற்சியில் இருக்கும் மருத்துவன். பொருநைக்கரையின் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், கேள்விக்குறி சாருக்கும் அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

ஸ்டென்ட் குழாயைத் திறக்கும், செத்துப்போன தசையை எழுப்பாது. முழு அடைப்பு விழுந்து ஏறத்தாழ 20 நிமிடத்திலிருந்தே சுவரின் உள்ளடுக்குத் தசை சாகத் தொடங்குகிறது, அடுத்த சில மணி நேரத்தில் வெளியடுக்கு வரை பரவுகிறது. ஓர் இரவு தாமதம் என்றால் முன்சுவரில் பெரும்பகுதி போயிருக்கும்.

அடுத்த சில நாட்களில் வெள்ளையணுக்கள் வந்து அந்தச் செத்த தசையை அரித்து எடுக்கின்றன. பழைய தசை போயாயிற்று, புதிய தழும்பு இன்னும் கெட்டிப்படவில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் அந்தச் சுவர் மிகவும் மெலிந்திருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே ஏறும் அழுத்தம் அந்த இடத்தை, சைக்கிள் ட்யூபில் நைந்த இடம் புடைப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி விரிக்கிறது. கொலாஜன் நார்கள் நிரம்பித் தழும்பு கெட்டியாக ஆறு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம் ஆகும்.

அத்தோடு நின்றால் பரவாயில்லை. அடைப்பே படாத, நல்ல ரத்த ஓட்டம் உள்ள பின்சுவரும் பக்கச்சுவரும் மாதக்கணக்கில் மாறத் தொடங்குகின்றன. உங்கள் அப்பாவுக்கு 57, 64 ஆனது இந்தக் கட்டத்தில்தான். முன்சுவர் செய்த வேலையையும் சேர்த்து மீதித் தசை செய்ய வேண்டியிருக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்ததும் சிறுநீரகம், உடம்பில் எங்கோ ரத்தம் கொட்டிவிட்டது என்பது போல நடந்துகொள்கிறது. ரெனின் சுரக்கிறது, அதிலிருந்து ஆஞ்சியோடென்சின், அதிலிருந்து ஆல்டோஸ்டிரோன். உப்பும் நீரும் தேங்குகின்றன. அட்ரினலின் வகை ஹார்மோன்களும் ஏறுகின்றன. காயம்பட்டு ரத்தம் போனவருக்கு இவை உயிர்காக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் இதே ஹார்மோன்கள் இதயத் தசையில் நேரடியாக வேலை செய்து செல்களைப் பெரிதாக்குகின்றன, இடையிடையே நார்த்திசுவைப் படிய வைக்கின்றன, சில செல்களைக் கொன்றும் விடுகின்றன.

இதற்கிடையில் நீள்வட்டமாக இருந்த கீழறை உருண்டையாகிறது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வின் இதழ்களைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் தசைத் தூண்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. வால்வில் எந்தக் கோளாறும் இல்லை, ஆனாலும் சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிறது. கசிந்த ரத்தம் அடுத்த துடிப்பில் திரும்பி வந்து அறையை இன்னும் நிரப்புகிறது. அறை இன்னும் விரிகிறது, வால்வு இன்னும் கசிகிறது. விரிவதில் சமாளிப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஓரிடத்தில் நிற்காது.

பினாங்குவாசி

மாரத்தான் ஓடுகிறவன் என்பதால் கேள்விக்குறிக்கு நான் பதில் சொல்லலாமா? என் எக்கோவைப் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் முகம் மாறி, "ஏதாவது மூச்சுத் திணறல் உண்டா" என்று கேட்டார். விளையாட்டு வீரர்களைப் பார்க்கும் வேறொரு டாக்டரிடம் போனபோதுதான் நிம்மதி.

இது பழைய கதை. 1899-இலேயே சுவீடனில் ஹென்ஷன் என்ற மருத்துவர், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டித் தட்டியே அவர்களுடைய இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். எக்ஸ்ரே வந்து நான்கு வருடம்கூட ஆகாத காலம். 1999-இல் இத்தாலியில் 1,309 தேர்ந்த வீரர்களை எக்கோ செய்தபோது, ஏழில் ஒருவருக்கு இடது கீழறை 60 மில்லிமீட்டரைத் தொட்டது அல்லது தாண்டியது. பெரும்பாலும் சைக்கிள் பந்தயம், துடுப்புப் படகு ஆட்கள்.

எண்ணைப் பார்த்தால் பொருநைக்கரையின் அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் படுக்க வைக்கலாம். ஆனால் என் சுவர் ஒரே சீராகத் தடித்திருக்கிறது, விரியும்போது இளகுகிறது, நடுவில் தழும்பு இல்லை. பயிற்சியை விட்டால் பெருமளவு குறைந்தும் விடும். எனக்கு ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் பாரம், மீதி நேரம் இதயம் ஓய்வாக 48 முறை துடித்துக்கொண்டிருக்கிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவருக்குத் தூக்கத்திலும் பாரம் இறங்குவதில்லை.

அப்புறம் ஒரு சுவையான செய்தி. அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 2015-16-இல் விண்வெளி நிலையத்தில் ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தார். அங்கே தவறாமல் உடற்பயிற்சி செய்தும் அவருடைய இடது கீழறைத் தசை எடை குறைந்துகொண்டே வந்தது. ரத்தத்தைப் புவியீர்ப்புக்கு எதிராக மேலே ஏற்றும் வேலை இல்லை அல்லவா.

எலிக்கூடம்

இந்த இழையை விட மனமில்லை. எலி இதயங்களோடு வேலை செய்கிறவன். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னால் "எப்படிச் சிறிதாகும்" என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

இதயம் பெரிதாகும்போது செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை, ஒவ்வொரு செல்லும்தான் பெரிதாகிறது. பெரியவர்களின் இதயத் தசைச் செல்கள் அநேகமாகப் பிரிவதே இல்லை. எவ்வளவு அபூர்வம் என்பதை 2009-இல் ஸ்டாக்ஹோமில் ஃப்ரிசன் குழு ஒரு விசித்திர வழியில் அளந்தது. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி, பிறகு இறங்கியது. செல்லின் டிஎன்ஏவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று பார்த்தால் அந்தச் செல் எந்த வருடம் பிறந்தது என்று சொல்லிவிடலாம். 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதச் செல்கள் புதிதாகின்றன, 75 வயதில் அரை சதவீதத்துக்கும் குறைவு. மாரடைப்பில் போகக்கூடிய நூறு கோடிச் செல்களை இந்த வேகம் ஈடுகட்டாது. பிறந்த மறுநாள் சுண்டெலிக் குட்டியின் இதய நுனியை வெட்டினால் அது வளர்ந்துவிடும், ஒரு வாரக் குட்டிக்கு அது முடியாது, தழும்புதான் விழும் என்று 2011-இல் காட்டினார்கள். அந்த ஒரு வாரத்தில் எந்தக் கதவு மூடுகிறது என்று உலகம் முழுக்க ஆய்வகங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன.

சரி, செல் எந்தப் பக்கம் பெரிதாகிறது என்பதுதான் முக்கியம். சுருங்கி விரியும் அடிப்படைத் துண்டுக்கு சார்க்கோமியர் என்று பெயர், நீளம் ஏறத்தாழ 2 மைக்ரான். ரத்தக்கொதிப்பு, சுருங்கிப்போன அயோர்ட்டா வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசல்) போன்றவற்றில் இதயம் அதிக அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டும். அப்போது புதிய சார்க்கோமியர்கள் பக்கவாட்டில் அடுக்கப்படுகின்றன. செல் தடிக்கிறது, சுவர் உள்நோக்கித் தடிக்கிறது, அறை சிறிதாகிறது. வால்வு கசிவு போன்றவற்றில் அதிக ரத்தத்தைக் கொள்ள வேண்டும். அப்போது நீளவாக்கில் சேர்க்கப்படுகின்றன, செல் நீள்கிறது, அறை விரிகிறது. 1975-இல் கிராஸ்மன் குழு நோயாளிகளின் இதயங்களை அளந்து இந்த இரண்டு பாதைகளையும் பிரித்துக் காட்டியது. மாரடைப்புக்குப் பிந்தைய மீதித் தசையில் இரண்டும் கலந்திருக்கும்.

ஏன் இப்படி என்பதற்கு லாப்லாஸ் விதி. சுவர் தாங்கும் இழுவிசை அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கிச் சுவர்த் தடிமனின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். பிபி மாறவில்லை என்றே வையுங்கள். ஆரம் 25, தடிமன் 10 ஆக இருந்த அறை, ஆரம் 35, தடிமன் 8 ஆக மாறினால் இழுவிசை 75 சதவீதம் கூடும். அதே வேலையைச் செய்ய ஒவ்வொரு செல்லுக்கும் அவ்வளவு கூடுதல் பாரம், கூடுதல் ஆக்சிஜன் தேவை. கேள்விக்குறி அவர்களே, எக்கோஅறை அக்கா கேட்ட "விலை" இதுதான்.

தடித்த இதயத்துக்கும் விலை உண்டு. தசை தடிக்கும் அளவுக்கு நுண்குழாய்கள் பெருகுவதில்லை. இடையில் நார் படிந்து சுவர் விறைத்துப்போகிறது. பம்பிங் 60 என்று அழகாக வரும், ஆனால் அறை விரிந்து நிரம்ப மறுக்கும், நுரையீரலில் நீர் கோக்கும். பிபியை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டவர்களில் பலர் இந்த வழியில்தான் வருகிறார்கள்.

சிறிதாவது எப்படி? புதிய சார்க்கோமியர் கட்டுவதும் பழையதைப் பிரித்துக் கரைப்பதும் செல்லுக்குள் ஓயாமல் நடக்கிற வேலை. கட்டச் சொல்லும் சமிக்ஞையை, அதாவது இழுவிசையையும் ஹார்மோன்களையும், குறைத்தால் கரைப்பது மேலோங்குகிறது. மலைப்பாம்பு இதை இரண்டு நாளில் செய்யும்! பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கிய 48 மணி நேரத்தில் கீழறைத் தசை 40 சதவீதம் கூடியதாக 2005-இல் நேச்சர் இதழில் வந்தது. செரித்து முடிந்தால் பழைய அளவு.

கேள்விக்குறி

> அதே வேலையைச் செய்ய ஒவ்வொரு செல்லுக்கும் அவ்வளவு கூடுதல் பாரம்

கணக்கு புரிகிறது, நன்றாகவே விளக்கினீர்கள். அப்படியானால் பிரச்சினை ஆரம்தான் என்கிறீர்கள். ஆரத்தைக் குறைக்க வருடக்கணக்கில் மாத்திரை எதற்கு? அறுவைச் சிகிச்சையில் கொஞ்சம் தசையை வெட்டி எடுத்துத் தைத்துவிட்டால் லாப்லாஸ் சார் சந்தோஷப்படுவாரே?

இரவுப்பணி

கிண்டலாகக் கேட்டாலும் இது மிக நல்ல கேள்வி. செய்தே பார்த்துவிட்டார்கள்.

1990-களில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் ரண்டாஸ் பட்டிஸ்டா என்ற அறுவை மருத்துவர், இதே லாப்லாஸ் கணக்கைச் சொல்லி, விரிந்த இதயத்தின் பக்கச்சுவரில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார். மாற்று இதயம் கிடைக்க வழியில்லாத ஊரில், சாகக் கிடந்தவர்களுக்கு. சிலர் எழுந்து நடந்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் உட்படப் பல இடங்களில் முயன்றார்கள். ஆரம்பத்தில் பரபரப்பு, பிறகு பலருக்கு இதயம் மறுபடி விரிந்தது, பலர் இறந்தார்கள். அறுவை வழக்கொழிந்தது.

மாரடைப்புத் தழும்பை மட்டும் விலக்கித் தைத்து அறையைச் சிறிதாக்கும் இன்னொரு வகை உண்டு. அதை ஸ்டிச் என்ற ஆய்வில் 1,000 பேரிடம் சோதித்தார்கள், முடிவு 2009-இல் வந்தது. பைபாஸ் மட்டும் செய்தவர்களுக்கு அறையின் கொள்ளளவு 6 சதவீதம் குறைந்தது. பைபாஸோடு அறையையும் தைத்துச் சிறிதாக்கியவர்களுக்கு 19 சதவீதம். ஆனால் இறப்பும் இதயக் கோளாறால் மீண்டும் அட்மிட் ஆவதும் இரு பக்கமும் ஒன்றுதான். வடிவத்தைக் கத்தியால் திருத்தினாலும், மீதியிருக்கும் செல்களுக்கு அதே ஹார்மோன் மழை, அதே நார்.

எதிர்த் திசையிலும் ஒரு பாடம். பலவீனமான இதயத்தைப் பலமாகத் துடிக்க வைத்தால் என்ன என்று மில்ரினோனை மாத்திரையாகக் கொடுத்தார்கள். ரத்த ஓட்டத்தை உயர்த்தும் மருந்து அது. 1991-இல் வந்த ப்ராமிஸ் ஆய்வில், 1,088 பேரில், மருந்து எடுத்தவர்களின் இறப்பு 28 சதவீதம் அதிகம். இப்போது அவசரச் சிகிச்சைப் பிரிவில் கொஞ்ச காலத்துக்கு ஊசியாக மட்டும்.

இதோடு பீட்டா பிளாக்கரை வைத்துப் பாருங்கள். 1975-இல் சுவீடனின் கோத்தன்பர்கில் வாக்ஸ்டைன் குழு, விரிந்து தளர்ந்த இதயம் உள்ள 7 பேருக்குத் துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்தைக் கொடுத்தது. அந்தக் காலப் பாடப்புத்தகப்படி அது செய்யவே கூடாத காரியம். பம்ப் ஏற்கெனவே பலவீனம், அதை மேலும் அடக்குவதா? நோயாளிகள் தேறினார்கள். உலகம் நம்ப இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 1999-இல் இந்த வகையைச் சேர்ந்த மெட்டோபுரோலாலுக்கும் பிசோபுரோலாலுக்கும் பெரிய ஆய்வுகள் வந்தன, இரண்டிலும் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. முதல் சில வாரம் சோர்வு கூடலாம், பிறகு மாதக்கணக்கில் அறை சிறிதாகிறது, பம்பிங் ஏறுகிறது.

என் கருத்து இதுதான்: எந்த மருந்து இதயத்தைத் தூண்டுகிறது என்பதைவிட, எது அந்தக் கட்டச் சொல்லும் சமிக்ஞையை அடக்குகிறது என்று பாருங்கள். நீண்ட காலத்தில் உயிர் காத்தவை அந்த வகைதான்.

எலிக்கூடம்

இதில் எலிகளுக்கும் பங்கு உண்டு என்று பெருமையாகப் பதிவு செய்கிறேன். பாஸ்டனில் மார்க் ஃபெஃபர், ஜேனிஸ் ஃபெஃபர் தம்பதி எலிகளின் இதயக் குழாயைக் கட்டி மாரடைப்பை உண்டாக்கி, பிறகு ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் கேப்டோபிரில் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்த எலிகளின் கீழறை அவ்வளவாக விரியவில்லை. அந்த எண்ணம் மனிதர்களிடம் சேவ் ஆய்வானது. மாரடைப்பு வந்து பம்பிங் 40-ஓ அதற்குக் கீழோ ஆன, ஆனால் மூச்சுத் திணறல் போன்ற அறிகுறி இல்லாத 2,231 பேர். 1992 முடிவில் இறப்பு 19 சதவீதம் குறைவு. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று தோன்றுகிறவருக்கும் மாத்திரை வேண்டும் என்பது அங்கிருந்து வந்தது. கேப்டோபிரில் பிறந்த கதை தெரியுமா? பிரேசில் விரியன் ஜராராகாவின் நஞ்சை ஆராய்ந்தபோது கிடைத்த துப்பிலிருந்து செய்தது.

டாபாகிளிஃப்ளோசின் பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள்: 2019-இல் வந்த டாபா-எச்எஃப் ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயே கிடையாது, அவர்களுக்கும் பலன் இருந்தது. சர்க்கரை மாத்திரையாக வந்து இதய மாத்திரையாக வேலை கிடைத்துவிட்டது.

மல்லிகைப்பந்தல்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு இரண்டாவது பிரசவம் முடிந்த சில வாரத்தில் படுத்தால் மூச்சு முட்டியது. "பிரசவ அலுப்பு, தைராய்டு பாருங்க" என்று முதலில் பார்த்த இடத்தில் அனுப்பிவிட்டார்கள். பிறகு எக்கோவில் பம்பிங் 25. பிரசவத்தை ஒட்டி வரும் இதயத் தளர்ச்சி என்றார்கள். ஒரு வருடத்தில் 57-க்கு வந்துவிட்டது, அறையின் அளவும் இயல்பு. எனக்கு அடைப்பும் இல்லை, தழும்பும் இல்லை. நான் நிறுத்தலாமா? இன்னொரு குழந்தை வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எண் சரியாக இருக்கும்போது ஏன் அந்தப் பயம்?

இரவுப்பணி

அக்கா, இவ்வளவு தேறியது நல்ல செய்தி. இந்த வகைத் தளர்ச்சியில் பாதிக்கு மேல் மீள்கிறார்கள், மற்றப் பல வகைகளைவிட இது அதிகம்.

நிறுத்துவது பற்றி நேரடியாகக் கேட்டு ஓர் ஆய்வு நடந்தது. லண்டனில், ட்ரெட்-எச்எஃப் என்று பெயர். விரிந்து தளர்ந்த இதயம் முழுதாகத் தேறிய 51 பேர். அறிகுறி இல்லை, பம்பிங் 50 அல்லது அதற்கு மேல், அறை இயல்பு, இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் என்டி-ப்ரோபிஎன்பி என்ற பொருளும் குறைவு. பாதிப் பேருக்கு மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள், நெருங்கிக் கண்காணித்துக்கொண்டே. ஆறு மாதத்துக்குள் நிறுத்தியவர்களில் 44 சதவீதத்தினருக்குத் தளர்ச்சி திரும்பியது. தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை.

உருவம் திரும்பிவிட்டது, ஆனால் உள்ளே எல்லாம் திரும்பவில்லை. அதனால் உங்களுக்கு "குணமாகிவிட்டது" என்று எழுதாமல் "அடங்கியிருக்கிறது" என்றுதான் எழுதுவோம். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அந்தப் பாரத்தை மறுபடி ஏற்றுவதில்தான் டாக்டருக்குப் பயம். சில மாத்திரைகள் கருவுக்கும் ஆகாது. தேறியவர்களில் சிலருக்கு, எல்லோருக்கும் அல்ல, கண்காணிப்போடு குறைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது உங்களைப் பார்க்கும் டாக்டரும் நீங்களும் உட்கார்ந்து பேச வேண்டியது, இணையத்தில் தீர்மானிக்கக் கூடாது.

கேள்விக்குறி

ஒரு நிமிடம். அந்த 51 பேரில் மாரடைப்பு வந்தவர்கள் இல்லை. அதை வைத்துப் பொருநைக்கரையின் அப்பாவுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

இரவுப்பணி

முடியாது. ட்ரெட் அவருக்கான ஆய்வு இல்லை. ஆனால் அவருடைய நிலைமை அவர்களைவிட நிறுத்துவதற்கு இன்னும் தோதில்லாதது. அவர்களுக்குப் பெரும்பாலும் பெரிய தழும்பு கிடையாது, அறையும் பம்பிங்கும் முழுதாகத் திரும்பியிருந்தன. இவருக்குத் தழும்பு நிரந்தரம், பம்பிங் 46-தான்.

நார் இரண்டு விதம். செல்களுக்கு நடுவே மெல்லிய வலை போலப் பரவியது ஒன்று. பாரம் குறைந்தால் இது ஓரளவு கரையும். சுருங்கிய அயோர்ட்டா வால்வை மாற்றிய பிறகு ஒரு வருடத்தில் இது குறைவதை எம்ஆர்ஐயில் அளந்திருக்கிறார்கள். மற்றது, செத்த செல்களின் இடத்தை நிரப்பிய கெட்டித் தழும்பு. இது கரையாது. கடோலினியம் ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுத்தால் தழும்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அந்தத் தழும்பின் ஓரங்களில்தான் மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடி, ஆபத்தான வேகத் துடிப்பு கிளம்பும். அவருடைய இதயம் 64-லிருந்து 56-க்கு வந்தது மீதித் தசையின் சாதனை. தழும்பு அப்படியே இருக்கிறது.

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு லாப்லாஸ் கணக்கைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். பாம்புக் கதைதான் அவருக்குப் பிடித்தது, தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நிறுத்தும் பேச்சை இப்போதைக்கு விட்டுவிட்டார்.

இரண்டு கேள்வி. இது எனக்கும் வருமா? அப்புறம் நேற்றைய ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.3 என்று சிவப்பில் வந்திருக்கிறது. போன முறை 4.6. பயப்பட வேண்டுமா?

எலிக்கூடம்

மாரடைப்பால் வந்த விரிவு அப்படியே பிள்ளைக்கு வராது. அடைப்பு வரும் போக்கு குடும்பத்தில் வரலாம், ஆகவே கொழுப்பு, பிபி, சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். அடைப்பே இல்லாமல் விரிந்த அல்லது தடித்த இதயம் வேறு சங்கதி. அதில் மரபணுக் காரணம் அடிக்கடி இருக்கும், ரத்த சொந்தங்கள் எக்கோ எடுப்பது நல்லது. நம் பக்கத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம், இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனமும் பிறரும் சேர்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். வைத்திருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, வயது ஏற ஏறத்தான் வாய்ப்புக் கூடுகிறது.

இரவுப்பணி

5.3 உடனே ஓட வேண்டிய எண் இல்லை, ஆனால் 4.6-லிருந்து ஏறியிருப்பதால் சும்மா விடவும் முடியாது. ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை வெளியேற விடாது, கூட இருக்கும், ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் பிபி வகை மாத்திரையும் அப்படித்தான். வழக்கமாக 5.5 தாண்டினால் டோஸைப் பாதியாக்குவோம், 6 தாண்டினால் நிறுத்துவோம். டாக்டரிடம் இன்றே போனில் சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் எவ்வளவு என்றும் பாருங்கள். தினமும் இளநீர் குடிக்கிறாரா? மூட்டுவலி மாத்திரை ஏதாவது? முக்கியமாக, வீட்டில் எந்த உப்பு?

எக்கோஅறை

உப்புக் கேள்வியை நானும் கேட்க நினைத்தேன். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பிபி மட்டும் உள்ளவருக்கு அது நல்லது. இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் வம்பு. தம்பி, அடுத்த எக்கோவை முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். விரிந்த அளவோடு சுருங்கிய அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள், மைட்ரல் கசிவு எவ்வளவு என்றும்.

பொருநைக்கரை

அம்மா போன மாதம்தான் உப்பை மாற்றியிருக்கிறார். பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு. இளநீரும் வாரத்தில் பாதி நாள். டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டேன். உப்பை மாற்றச் சொன்னார், இளநீரை நிறுத்தச் சொன்னார், ஸ்பைரோனோலாக்டோன் அப்படியே இருக்கட்டும், திங்கட்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். எண் வந்ததும் இங்கே போடுகிறேன்.